தண்ட உதை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
யூஜின் அடித்த முதல் கோல்
என் வலது கைக்கும் கம்பத்துக்கும் இடையால் போனது.
பாசையூர்க் கடற்கரை, அணிக்கு ஏழு பேர்,
பீலிக்ஸ் நினைவுக் கிண்ணம், கால் இறுதி.
அவனுக்குப் பதினாறு வயது. சப்பாத்து இரவல்,
ஒன்றின் நுனியில் பஞ்சு அடைந்திருந்தது.

ஓடி வந்தான். பந்துக்கு இரண்டு அடி முன்னால்
நின்றான்.
கடைக்காரன் மிச்சக்காசு எண்ணும்போது நிற்போமே, அப்படி.
நான் பாய்ந்துவிட்டேன்.
பந்து பிறகுதான் புறப்பட்டது.
மைக்கில் மரியறோச் அண்ணை
"ஞானறூபன் தொழிலுக்குப் போயிட்டார்" என்றார்.
வலை உண்மையில் மீன்வலைதான்,
சூடைகூடத் தப்பாத கண்.

எங்கள் கிண்ணங்களெல்லாம் செத்தவர் பெயரில்.
கடலில் போனவர், ஷெல்லில் போனவர்,
மோட்டார்சைக்கிளில் போனவர்,
பெயர் மட்டும் இருந்து ஆள் கிடைக்காதவர்.
சிறந்த ஆட்டக்காரன்
அவரை வீட்டுக்குக் கொண்டுபோவான்.
யூஜின் வீட்டு அலுமாரியில்
ஒன்பது பேர் நின்றார்கள்.
கிழமைக்கொருக்கால் தாய் துடைப்பாள்,
பீலிக்ஸைக் கொஞ்சம் கூடுதலாக.

பிறகு மாவட்ட லீக். பிறகு கொழும்பு,
ஒரு பெயின்ற் கொம்பனியின் அணி.
பயிற்றுநர் கத்துகிற சிங்களத்தில்
இடம், வலம், பின்னால், மடையா,
நான்கையும் முதல் மாதமே பிடித்துவிட்டான்.
"எனக்குத் தா" என்று பந்தைக் கேட்க
ஒன்றரை வருடம் எடுத்தது.

மாலைதீவில் சம்பளம் டொலரில்.
முதுகில் பெயரைப் பிழையாய் அச்சடித்தார்கள்.
அந்தப் பிழையைத்தான்
ஐயாயிரம் பேர் எழுந்து கத்தினார்கள்.
அவனும் திருத்தவில்லை.

என்னையும் அப்போது கூப்பிட்டதாய் ஊரில் ஒரு கதை.
கூப்பிடவில்லை.
எனக்கு ஐஸ் கொம்பனியில் இரவு வேலை.
கட்டியைக் கொக்கியால் இழுத்து
அரைக்கிற வாய்க்குள் தள்ளவேண்டும்.
இரண்டு வேலைக்கும் ஒரே கையுறை.

தாக்காவில் மழை.
நாங்கள் ஆறு பேர், ஒரு போன்,
மீன்பெட்டியில் சாய்த்து வைத்தபடி.
தேசிய கீதம். கமரா வரிசையால் நகர்ந்து வந்து
அவனில் மூன்று செக்கன் நின்றது.
வாய் அசைந்ததா?
அசைந்தது என்றான் றொஷாந்தன்.
இல்லை என்றான் யூஜினின் மச்சான்,
அசைந்திருந்தால் வீட்டுக்கு வரட்டும், கேட்கிறேன் என்றான்.
திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள், நான்கு தரம்.
சுவிங்கம் என்றேன் நான்.
அதற்குள் ஆட்டத்தில்
பதினொரு நிமிடம் போய்விட்டிருந்தது.

எண்பத்தெட்டாவது நிமிடம், தண்ட உதை.
பந்தைக் குனிந்து வைத்தான், மழையைத் துடைத்தான்.
பொறு, பாயாதே, பொறு என்று
அந்த வேற்றுநாட்டுக் காப்பாளனுக்கு
நான்தான் சொன்னேன், சத்தமாய்.
ஐந்து பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
யூஜின் நின்றான்.
அவன் பாய்ந்தான், பாவம்,
நான் பாய்ந்த அதே பக்கம்.

கிண்ணம் பெரிது.
அதில் ஒரு சிம் கார்ட் கொம்பனியின் பெயர்.
யாருமே சாகவில்லை அதில்.
அது கொழும்பிலேயே தங்கிவிட்டது.
அனுப்பிய படத்தைத் தாய்
அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டப் பார்த்தாள்,
ஒன்பது பேரும் மறைந்தார்கள்,
கழற்றிச் சுவரில் ஒட்டினாள்.

இப்போது பாசையூரில் எந்தப் பெடியனும்
நேரே ஓடிவந்து அடிப்பதில்லை.
எல்லாருக்கும் அந்த நிற்றல் வேண்டும்.
போன ஞாயிறு,
மரியறோச் நினைவுக் கிண்ணம்,
மைக்கில் வேறு யாரோ.
இடைவேளையில் ஒரு பொடிசு, முன்பல் இல்லாதது,
பந்தைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தது.
ஓடி வந்தது. நின்றது.

முப்பத்தாறு வயதில் நான் பாயவில்லை.
நடுவில் நின்றேன்.
பந்து நெஞ்சில் பட்டது.
இன்னும் நோகிறது, இருமும்போது.